வெண்செழியன் அங்கி

"மன்னா, தங்கள் டவுசர் தெரிகிறது."

மந்திரி வேஷம் போட்ட ராக்கப்பன் சொன்ன இந்த வரி நாடகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒத்திகை அப்படியே நின்றுபோனது. பாண்டிய மன்னன் வெண்செழியன், அதாவது மில்லில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் சோலைராஜ், உருவிய அட்டை வாளோடு குனிந்து தன்னைத்தானே பார்த்துக்கொண்டார். மேடைக்குப் பின்னால் எரிந்த ஹாலஜன் விளக்கு அவருடைய அங்கியின் முதுகுப் பக்கமாக நுழைந்து வயிற்றுப் பக்கமாக வெளியே வந்துகொண்டிருந்தது. நீலக்கோடு போட்ட டவுசர், அதன் நாடா, நாடாவில் போட்ட முடிச்சு எல்லாம் கடைசி பெஞ்சு வரைக்கும் தெளிவாகத் தெரிந்தன.

வேடிக்கை பார்க்க வந்த கேண்டீன் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"மாப்ளே!" என்று சோலைராஜ் போட்ட சத்தத்தில் அட்டை வாள் வளைந்தது. "இது துணியா, கொசுவலையாய்யா?"

திரை ஓரமாக நின்ற தனுஷ்கோடி, வாசித்துக் கொடுக்க வைத்திருந்த நாடகப் பிரதியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார். சோலைராஜின் தங்கை பரிபூரணத்தைக் கட்டியவர் அவர். டவுசரைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. துணியைக் குறை சொன்னதுதான் பொறுக்கவில்லை.

"மச்சான், இது நூறு கவுண்ட் நூலுல நெய்ஞ்ச மல் துணி. இம்புட்டு மெல்லிசு நூலு நம்ம மில்லைத் தவிர இந்தச் சீமையில எவன் நூக்கான்?"

"மெல்லிசா இருக்கிறதுதான்யா இப்ப பிரச்சினையே!"

தனுஷ்கோடி ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் நூலின் தரம் பார்க்கும் செக்‌ஷனில் வேலை பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூலை வைத்து ஒரு உருட்டு உருட்டினால் போதும், அது நாற்பது கவுண்டா, அறுபதா, நூறா என்று சொல்லிவிடுவார். கவுண்ட் ஏற ஏற நூல் மெலியும்; நூல் மெலிய மெலிய தனுஷ்கோடியின் முகம் மலரும். இந்தப் பழக்கத்தை மில் கேட்டோடு விட்டுவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. ஒரு துக்க வீட்டில் மாலையை ஒதுக்கி, மேலே போர்த்தியிருந்த கோடித் துணியைத் தடவிப் பார்த்து "நாப்பதுதான்" என்று அவர் முணுமுணுத்ததை, செத்துப்போனவரின் மகன் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆனால் அவருடைய படிப்பு நூலோடு முடிந்துவிட்டது. நூல் துணியாகி, துணி சட்டையாகி, சட்டைக்குள் ஒரு மனிதன் நுழைந்து வேர்த்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவர் பார்க்காத உலகம்.

அந்த வருஷம் மில்லுக்கு வெள்ளி விழா. எண்பத்தேழாம் வருஷத்துப் பங்குனி. மனமகிழ் மன்றத்தின் சார்பில் வழக்கம்போல 'வெண்செழியன் வஞ்சினம்' என்ற சரித்திர நாடகம். டைம் ஆபீஸ் ஆவுடையப்பன் எழுதி இயக்கியது. அவர் எழுதியது அந்த ஒரே நாடகம்தான் என்பதால் ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா வெண்செழியன் அதே வஞ்சினத்தைத்தான் உரைத்துக்கொண்டிருந்தான். உடைகள் மதுரையிலிருந்து வாடகைக்கு வரும். வெல்வெட்டும் ஜிகினாவும் வைத்துத் தைத்த அந்த ராஜா உடையைத் திறந்தால், அதற்கு முன்னால் அதைப் போட்ட அத்தனை ராஜாக்களின் வேர்வையும் சேர்ந்து எழுந்து வரும்.

இந்த வருஷம் விழாக் கூட்டத்தில் தனுஷ்கோடி எழுந்து நின்றுவிட்டார்.

"பாண்டியன் காலத்துல ஏது வெல்வெட்டு? ஏது நைலான் சாட்டின்? பருத்தி வெளையிற மண்ணு நம்ம மண்ணு. நூலு நூக்குற மில்லுல இருந்துக்கிட்டு நம்ம ராசாவுக்கு வாடகைத் துணி போத்துறோமே, வெக்கமா இல்ல?"

மேனேஜர் வைகுண்டராஜ் மேஜையைத் தட்டினார். உணர்ச்சி வசப்பட்டால் அவருக்கு வீட்டில் பேசும் தெலுங்கு வந்துவிடும். "பாகுந்தி! ரொம்ப நல்லா இருக்கு! ராஜா உடுப்புக்கு நீங்கதான் பொறுப்பு, தனுஷ்கோடி."

கூட்டம் கலைந்ததும் ஆவுடையப்பன் அவரைத் தனியாக ஓரங்கட்டினார்.

"வே, பாண்டிய ராசாவெல்லாம் மேலுக்குச் சட்டையே போட்டதில்லைன்னு சரித்திரம் பேசப்படாது, ஆமா. ஒம்ம மச்சான் வெறும் மேலோட நின்னா அந்தத் தொப்பையைப் பாத்து ஒரு குடியானவனும் வரி கட்ட மாட்டான். அங்கி வேணும். துணி ஒம்ம இஷ்டம். ஆனா ஒண்ணு, இது சொதப்பிச்சுன்னா அடுத்த வருஷம் வெல்வெட்டுதான். வசனம் எடுத்துக் குடுக்குற வேலையும் ஒமக்குக் கெடையாது. படுதா இழுக்கத்தான் வரணும்."

வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலையைத் தனுஷ்கோடி விடமாட்டார். காரணம் இருக்கிறது. வெண்செழியனாக நடிக்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. ஒவ்வொரு வருஷமும் வாய்விட்டுக் கேட்டும் பார்த்திருக்கிறார். "ராசான்னா பாத்தவுடனே கும்பிடத் தோணணும்வே. ஒம்மைப் பாத்தா ரேஷன் கார்டுல பேரு சேக்கணும்னுதான் தோணுது" என்று ஆவுடையப்பன் ஒரே போடாகப் போட்டுவிட்டார். ஒல்லி உடம்பு, ஒடுங்கிய தோள், நீளக் கழுத்து. ஆகவே திரைக்குப் பின்னால் நின்று, மறதிக்காரரான சோலைராஜுக்கு வரிக்கு வரி எடுத்துக் கொடுக்கும் வேலையோடு அவருடைய ராஜாங்கம் அடங்கிவிட்டது. தன்னால்தான் மேடையேற முடியவில்லை, தன் துணியாவது ராஜாவின் மேலே ஏறி வெளிச்சத்தில் நிற்கட்டும் என்று அவர் மனது கிடந்து அடித்துக்கொண்டது.

வீட்டில் குளிக்கும்போது மட்டும் வெண்செழியன் தினமும் முடிசூடிக்கொள்வான். "மறவர்களே! இந்த வாள் உறையில் உறங்கினால் பாண்டிநாடு பாயில் உறங்கும்!" என்று தகரக் கதவுக்குப் பின்னால் கர்ஜனை எழும்.

அடுப்படியிலிருந்து பரிபூரணத்தின் குரல் வரும். "தொட்டியில தண்ணி அம்புட்டுத்தான் இருக்கு. பாண்டிநாட்டைச் சீக்கிரம் தொவட்டிக்கிட்டு வாங்க."

அவளும் சும்மா இருக்க மாட்டாள். "என்ன இருந்தாலும் எங்கண்ணன் நின்னாலே ராசாதான்" என்று இட்லித் தட்டை வைத்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்வாள். தனுஷ்கோடிக்கு அன்றைக்கு இட்லி இறங்காது.

டவுசர் தெரிந்த கதைக்கு வருவோம். மறுநாளே தனுஷ்கோடி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அதே மல் துணியை நாலு மடிப்பாகப் போட்டுத் தைத்துவிட்டார். டவுசர் மறைந்தது உண்மை. ஆனால் வெள்ளை வெளேரென்று மெத்து மெத்தென்று அடுக்கிய அந்தத் துணிக்குள் நின்ற சோலைராஜைப் பார்த்ததும் கொட்டகையில் எல்லோருக்கும் ஒரே ஞாபகம் வந்தது. ஊரைச் சுற்றிப் பாதித் தறிகளில் ஓடுவது பேண்டேஜ் துணி. அது எப்படி இருக்கும் என்று அங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"மன்னா, போர் மூணாவது சீன்லதானே?" என்றார் ராக்கப்பன். "மொத சீன்லயே கட்டுப் போட்டுட்டு வந்திருக்கீக?"

சோலைராஜ் அங்கியைக் கழற்றி மாப்பிள்ளையின் கையில் திணித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சரி, மெல்லிசு வேண்டாம் என்று தனுஷ்கோடி முடிவு செய்தார். முடிவு செய்தால் அந்தக் கடைசிக்குப் போவதுதான் அவர் வழக்கம். வழக்கத்தைவிட இரண்டு பங்கு முறுக்கேற்றிய நூலை மில்லிலேயே சொல்லி வாங்கி, தறி வைத்திருந்த சிநேகிதர் ஒருவரிடம் கொடுத்து, இறுக்கி அடித்து நெய்ய வைத்தார். துணி திம்மென்று வந்தது. அதைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். அங்கே தேரடிப் பக்கம் தேவஇரக்கம் என்ற தையற்காரர் இருந்தார். பேண்டு வாத்தியக் கோஷ்டிகளுக்கும் சர்ச் பாடகர் குழுவுக்கும் உடுப்புத் தைப்பதில் அவருக்கு அந்த வட்டாரத்திலேயே நல்ல பெயர்.

தேவஇரக்கம் துணியை விரித்து, நகத்தால் கீறிப் பார்த்தார். "முறுக்கு சாஸ்தியா இருக்கே அண்ணாச்சி. ஒரு ராத்திரி தண்ணியில போட்டு எடுத்துட்டு வெட்டுவமா?"

தனுஷ்கோடிக்குச் சுருக்கென்றது. "இது எங்க மில்லு நூலு, தேவஇரக்கம். தண்ணியப் பாத்துப் பயப்படுற நூலு இல்ல."

"சரி, ஒங்க இஷ்டம். எதுக்கும் உள்பக்கம் நாலு விரக்கடை துணி விட்டுத் தைக்கேன். பத்தாமப் போச்சுன்னா பிரிச்சு விட்டுக்கிடலாம்."

இரண்டு நாளில் அங்கி தயாரானது. தோளில் இரண்டு பட்டை, மார்பில் பித்தளைப் பொத்தான் வரிசை, இடது பக்கம் மூடி வைத்த ஒரு பை.

"பை எதுக்குய்யா?"

"விசில் வைக்கத்தான்" என்றார் தேவஇரக்கம், கர்த்தரின் கிருபையால் தன் தொழில் தனக்குத் தெரியும் என்ற நிதானத்தோடு. "பேண்டு மாஸ்டருக்கு விசில் இல்லாம எப்படி?"

"இது பாண்டிய ராசாவுக்குய்யா!"

"அப்ப மோதிரம் வச்சுக்கிடட்டும்."

செத்த நேரம் வாக்குவாதம் நடந்து, பட்டையும் பொத்தானும் பையும் பிரிக்கப்பட்டன. ராஜா ஒருவழியாக வாத்தியக் கோஷ்டியிலிருந்து விடுதலை பெற்று ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கி சோலைராஜுக்கு அளவாகவே இருந்தது. டவுசர் தெரியவில்லை, கட்டுப் போட்டதாகவும் தெரியவில்லை. ஆவுடையப்பன் மட்டும் தாடையைச் சொறிந்தார். "வெள்ளையா இருக்கே வே. ராசா மாதிரி இல்ல. வார்டு எலெக்‌ஷன்ல நிக்குற மாதிரி இருக்கு."

ஆகவே சாயம். கடையில் சிவப்புச் சாயப் பொட்டலம் வாங்கி, வீட்டுப் புறவாசலில் பிளாஸ்டிக் வாளியில் பச்சைத் தண்ணீரில் கரைத்து, பரிபூரணம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல தனுஷ்கோடி தன் கையாலேயே முக்கி எடுத்தார். காய்ந்ததும் பார்த்தால் செக்கச்செவேலென்று கண்ணைப் பறித்தது. அவருக்கே தன்மேல் மரியாதை வந்துவிட்டது.

அன்றைய ஒத்திகை எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது. குறையெல்லாம் மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றது. ஒரு கையில் நாய்ச் சங்கிலியோடு சோலைராஜ். சங்கிலியின் மறுமுனையில் அவருடைய நாய் சிப்பாய்.

சிப்பாய் சாதாரண நாய் இல்லை. உடம்பில் ஒரு புள்ளி இல்லாத சுத்த வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். ராஜபாளையத்து நாய் என்றால் அந்த வெள்ளையைப் பார்க்கத்தான் ஆள் வருவார்கள். அன்றைக்கு விடியும்போது கோயம்புத்தூரிலிருந்து ஒரு எஸ்டேட்காரர், தன் பெட்டை நாய்க்குச் சம்பந்தம் பேசுகிற மாதிரி, சிப்பாயைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

"என்ன மச்சான், காலங்காத்தால?"

சோலைராஜ் சட்டையைக் கழற்றினார். மார்பு, முதுகு, கை எல்லாம் வேர்வையோடு இறங்கிய சாயம், அம்மை போட்டது மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. பிறகு நாயைத் திருப்பி நிறுத்தினார். ஒத்திகை முடிந்து அங்கியோடு வீட்டுக்குப் போன எஜமானைப் பார்த்த சந்தோஷத்தில் சிப்பாய் ஆசை தீர உரசியிருக்கிறது. ஒரு பக்கம் வெள்ளை. மறுபக்கம் மூக்கிலிருந்து வால் வரைக்கும் ரோஸ்.

"வந்தவரு பாத்துட்டு, 'இது எந்த ஊரு சாதி'ன்னு கேக்காரு மாப்ளே. நான் என்ன சொல்ல?"

தனுஷ்கோடி தலை குனிந்தபடி நின்றார். அடுப்படியில் ஒரு பாத்திரம் நழுவி விழுந்த சத்தமும், அதற்குப் பிறகு வெகுநேரம் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தமும் கேட்டன.

"விழாவுக்கு இன்னும் மூணு நாளு இருக்கு" என்றார் சோலைராஜ், நாயை இழுத்துக்கொண்டே. "இந்தச் சாயம் நிக்கணும். இல்லன்னா நான் கேண்டீன் ஏப்ரனைக் கட்டிக்கிட்டுத்தான் வஞ்சினம் பேசுவேன்."

அன்றைக்குத் தனுஷ்கோடி வேலைக்குப் போகவே மனமில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மெல்லிசாகப் போட்டால் தெரிகிறது, தடித்துப் போட்டால் கட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது, வெள்ளை என்றால் ஓட்டுக் கேட்கிறது, சிவப்பு என்றால் நாயோடு போய்விடுகிறது. ஒரு ராஜாவுக்கு உடுத்திவிட இவ்வளவு பாடா? படுதாக் கயிறு இப்போதே கையை அறுப்பது போலிருந்தது அவருக்கு. கண் கலங்கிவிட்டது.

பரிபூரணம் அதைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இதுக்குப் போயி ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? கல்லுப்பைப் போட்டு வெந்நியில முக்கி எடுத்தா சாயம் புடிச்சுக்கிடும். பிச்சையம்மா வெள்ளாவி வைப்பால்ல, அவகிட்ட நான் குடுத்து வாங்கித் தாரேன். நீங்க பேசாம வேலைக்குப் போங்க."

"நெசமாவாட்டி?"

"ஆமா. அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரு உள்பக்கம் துணியை வண்டி வண்டியா விட்டு வச்சிருக்காரு. அதையும் நறுக்கி ஓரம் அடிச்சு விட்டுருதேன். பாக்க சுத்தமா இருக்கும்."

தனுஷ்கோடிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கூடவே ஒரு சின்ன முள்ளும் குத்தியது. அண்ணன் வேஷம் அல்லவா, அதுதான் இவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததைச் சொல்லவில்லை. சட்டை மாட்டப் போனார்.

"ஏட்டி, என் நீலக் கட்டம் போட்ட சட்டையை எங்க காணோம்?"

"கொடியில கெடக்கும், பாருங்க."

கொடியில் இல்லை. பெட்டியிலும் இல்லை. போகட்டும் என்று வேறொன்றை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

விழா நாள். மில் மைதானத்தில் சாயங்காலமே கூட்டம் சேர்ந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் பரிபூரணம் கொடுத்தனுப்பிய பொட்டலத்தைத் தனுஷ்கோடி பிரித்தார். பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

குங்குமம் மாதிரி ஆழமான சிவப்பு. ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தார், ஒரு சொட்டுச் சாயம் இறங்கவில்லை. முறுக்கு நூல் வெந்நீரில் வெந்து, துணி முழுக்கச் சின்னச் சின்ன சுருக்கம் விழுந்து, கனமாக, மெதுவாக, பெரிய இடத்துத் துணியைப் போலத் தொங்கியது. கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். "இதுதான்" என்றார். "இதுதான் ராசா துணி!"

"குடும் மாப்ளே" என்று சோலைராஜ் வாங்கித் தலையில் மாட்டினார்.

தலை போனது. கைகளும் போயின. அதற்குப் பிறகு எதுவும் போகவில்லை. ராக்கப்பன் ஒரு பக்கமும் ஆவுடையப்பன் ஒரு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். மூச்சை அடக்கச் சொன்னார்கள், விடச் சொன்னார்கள். அங்கி நெஞ்சுக்கூட்டோடு நின்றுகொண்டது. கீழே தொப்பை முழுதாக வெளியே. கைகள் இரண்டும் மடக்க முடியாமல் மேலே. போர் தொடங்கும் முன்பே வெண்செழியன் சரணடைந்து நின்றான்.

"சுருங்கிட்டு" என்றார் தனுஷ்கோடி.

"கண்ணு தெரியுதுவே எங்களுக்கும்!" என்று சீறினார் ஆவுடையப்பன்.

"தையலைப் பிரிச்சா நாலு விரக்கடை துணி இருக்கு!" என்று அவசரத்தில் எல்லாம் மறந்து தனுஷ்கோடி பாய்ந்து, அங்கியை உருவி உள்பக்கம் திருப்பினார். நாலு விரற்கடை அல்ல, நாலு நூல்கூட இல்லை. ஒட்ட நறுக்கி, நெருக்கமாக ஓரம் அடித்திருந்தது. பரிபூரணத்தின் கைவேலை எப்போதுமே சுத்தம்.

"மதுரைக்குப் போன் போட்டா?" என்றார் ராக்கப்பன்.

"சாயம் எறங்குன அன்னைக்கே போட்டாச்சு" என்றார் ஆவுடையப்பன். "பங்குனி மாசம், ஊருக்கு ஊரு நாடகம். ஒரு ராசா உடுப்புகூட இல்லேங்கான். எதிரி ராசாவுக்குச் சொன்ன சாட்டின் ஒண்ணுதான் வந்திருக்கு."

"வெறும் மேலோட விட்ருவோமா?"

எல்லோரும் சோலைராஜின் மேலைப் பார்த்தார்கள். சாயத் திட்டு இன்னும் போகவில்லை. அம்மை கண்ட பாண்டியனை முன்வரிசைக் குழந்தைகளுக்குக் காட்ட யாருக்கும் துணிவு வரவில்லை.

வெளியே முதல் மணி அடித்தது. மைக்கில் மேனேஜர் வைகுண்டராஜ், "நம் மில்லின் நூலையே உடுத்தி வருகிறார் நம் மன்னர்" என்று பேசுவது கேட்டது.

"இந்த அங்கி எவனுக்குச் சேருதோ அவன் ராசா" என்றார் ஆவுடையப்பன் வெறுத்துப்போய். "ராக்கப்பா, போட்டுப் பாரு."

"போட்டுட்டா மட்டும்? ராசா வசனம் எனக்கு எப்படித் தெரியும்?"

"பொறவு யாருக்குத்தான்யா தெரியும்?"

எல்லோருடைய தலையும் மெல்லத் திரும்பியது. தனுஷ்கோடி தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். சுவர்தான் இருந்தது.

அங்கியைப் போட்டார். தோள் தோளில் உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் வந்து நின்றது. கழுத்து, மார்பு, இடுப்பு, எங்கேயும் ஒரு சுருக்கோ தொய்வோ இல்லை. கிரீடத்தைக் கையில் வைத்திருந்த சோலைராஜ் ஒரு பெருமூச்சு விட்டு, அதை மாப்பிள்ளையின் தலையில் வைத்தார். ரேஷன் கார்டு ஞாபகம் ஆவுடையப்பனுக்கு அப்போது வரவில்லை.

முதல் வரியில் தனுஷ்கோடியின் குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில் தகரக் கதவு ஞாபகம் வந்தது. மூன்றாவது வரியில் மைதானத்தின் கடைசியில் வேர்க்கடலை விற்றவன்கூட நிமிர்ந்து பார்த்தான். தினமும் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் கர்ஜித்த கர்ஜனை வீணாகவில்லை. எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாத முதல் வெண்செழியன், ஒரு வார்த்தை தவறாமல் பொழிந்து தள்ளினான்.

மூன்றாவது சீனில்தான் சோதனை. எதிரி மன்னன் பளபளவென்று சாட்டினில் வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அவன் மார்பில் கை வைத்துத் தள்ள வேண்டும். தனுஷ்கோடி கை வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தங்கள் பாட்டுக்குத் துணியைப் பிடித்து ஒரு உருட்டு உருட்டிவிட்டன.

"நைலான்!" என்றது அவர் வாய்.

மைக் அதை மைதானம் முழுக்கச் சொன்னது. திரை ஓரத்தில் ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டார். தனுஷ்கோடிக்கு எங்கிருந்தோ புது வசனம் வந்தது.

"பருத்தி விளையும் பாண்டி மண்ணில், நைலான் உடுத்திப் போருக்கு வந்தாயா? நூலின் அருமை அறியாதவனே! உன்னை வெல்ல வாள் எதற்கு? ஒரு தீக்குச்சி போதும்!"

ஷிப்டு முடிந்து பஞ்சுத் தலையோடு உட்கார்ந்திருந்த தொழிலாளர்கள் பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்கள். விசில் அடங்க வெகுநேரம் ஆனது. மேனேஜர் முன்வரிசையில் எழுந்து நின்று, "பாகுந்தி! பாகுந்தி!" என்று கை தட்டினார். நாடகம் முடிந்ததும் மேடையேறி, அடுத்த வருஷமும் இவர்தான் ராஜா என்று அறிவித்துவிட்டுத்தான் கீழே இறங்கினார்.

சோலைராஜ் வந்து தோளைத் தட்டினார். "நல்லா செஞ்சீரு மாப்ளே. வசனம் மறந்துருமோ மறந்துருமோன்னு எனக்கு வருஷா வருஷம் வயித்தைக் கலக்கும். இன்னைக்குத்தான் நிம்மதியா உக்காந்து கடலை தின்னுக்கிட்டே நாடகம் பாத்தேன்."

மறுநாள் காலை தனுஷ்கோடிக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், உறுத்தல் ஒரு பக்கம். பரிபூரணம் கூடத்தில் உட்கார்ந்து அந்த அங்கியை மடித்துக்கொண்டிருந்தாள். விழாவிலிருந்து வந்ததிலிருந்து அவள் நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் புருஷன் நின்றது அவளுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று அவருக்குத் தோன்றியது. எதிரே போய் உட்கார்ந்தார்.

"பரிபூரணம், ஒங்கண்ணன் வேஷத்தை நான் தட்டிப் பறிச்சுட்டேன்னு நெனைக்காத. நான் வேணும்னு செய்யல. எனக்கே மனசு ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

"துணி சுருங்கிட்டுன்னா அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்றாள் அவள், மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒங்கண்ணன் நின்னாலே ராசாதான்னு நீதானே சொல்லுவ."

"அவரு நின்னா ராசாதான். வாயத் தொறந்தாத்தான் வெனை." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபமா வருத்தமா என்று தனுஷ்கோடிக்குப் பிடிபடவில்லை. சமாதானமாக இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தொண்டையைச் செருமினார்.

அப்போது வாசலில் துணி மூட்டையை இறக்கி வைத்த பிச்சையம்மாள், மேலே இருந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை உதறி நீட்டினாள்.

"இந்தாங்கக்கா, அளவுக்குக் குடுத்த அண்ணாச்சி சட்டை. ராசா அங்கி இந்தச் சட்டை அளவுக்கு வார வரைக்கும் வெந்நியில முக்கி முக்கி எடுன்னு சொன்னீகள்ல, மூணாவது முக்குலதான்க்கா வந்துச்சு!"